உள்ளே வராத அறை

மழை இங்கே பெய்யவில்லை. அதுதான் நடீனுக்குப் பிடிக்கவில்லை.

தலைக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்தது. வடக்கே, மலை இருக்க வேண்டிய இடத்தில் மலையைக் காணோம். சாம்பல் நிறத்தில் ஒரு திரை மட்டும் தரைவரை தொங்கியது. அங்கே கொட்டுகிற தண்ணீர் எங்கே வந்து இறங்கும் என்பது அரிசோனாவில் ஒரு கோடையைக் கழித்த யாருக்கும் தெரியும். இதோ, அவளும் கணவரும் குடியிருக்கும் வண்டி நிற்கும் இந்த வறண்ட மணல் ஓடையில்தான்.

ராய்ஸ் ஒரு கையில் காபிக் கோப்பையும் மறு கையில் நாய்க்குட்டியுமாக வந்தான். பக்கத்தில் முகாம் போட்டிருந்தவன், பழைய லாரி டிரைவர்.

"சீஃப், வண்டிக்கு முட்டுக் குடுத்திருக்கிற ஜாக்கியெல்லாம் மேல ஏத்து. நான் மேட்டுக்குப் போறேன். நீங்களும் கிளம்புங்க."

வண்டியின் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நடீனின் கணவர் வெர்லின் அண்ணாந்து பார்த்தார். "ஒரு துளி விழல. அதுக்குள்ள கோழி மாதிரி பதறுற."

"என் வண்டிக்கு நீச்சல் தெரியாது."

"என்னோடது பெருசு. நின்ன இடத்துலயே நிக்கும்."

ராய்ஸ் சிரித்தான். ஆனால் வெர்லினைப் பார்க்கவில்லை, நடீனைப் பார்த்தான். அவள் கழுவிய தட்டுகளை எடுத்துக்கொண்டு படியேறும்போது பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"இந்த எடத்த யாரு பாத்தது? வெர்லினா?"

"மரம் இருக்கு, நிழல் இருக்குன்னான்."

"போன வருஷம் எவனோ ஒருத்தன் ஓடைக்குள்ள நிறுத்திட்டான்னு ஊரக் கூட்டித் திட்டினது இவன்தானே?"

நடீன் தட்டுகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள்.

"சரி," என்றான் ராய்ஸ். "மேட்டுல எடம் பிடிச்சு வெக்கிறேன். அடுப்புல சில்லிக் குழம்பு கொதிச்சிட்டு இருக்கும். ஆறிப்போறதுக்குள்ள வந்துடுங்க."

அவன் வண்டி கிளப்பிய தூசி அடங்கியதும் ஓடை மறுபடி அமைதியானது. அந்த அமைதியில் பறவைச் சத்தம்கூட இல்லை என்பதை நடீன் அப்போதுதான் கவனித்தாள்.

இந்தக் கோடை முழுக்கவே அவள் சிலவற்றைக் கவனித்துக்கொண்டுதான் வந்தாள். ஒரு நாள் வெர்லின் அவளைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குக்கூட இருவரும் சிரித்தார்கள். சிரிக்க முடியாமல் போனது டீசல் போட நின்ற இடத்தில். கழிப்பறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தேடிப் போனபோது, அவர்களுடையதைப் போலவே இருந்த வேறு யாருடைய வண்டியிலோ, டிரைவர் சீட்டில், இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாராம். அந்த வண்டிக்காரர் நல்ல மனிதர், எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் நடீனுக்கு இன்னும் உறுத்தியது.

"வெர்லின், கிளம்பலாம். ஸ்லைடை உள்ள இழுப்போம்."

"ராய்ஸ் பேச்சக் கேட்டுட்டியா?"

"எனக்கு அந்த சில்லி சாப்பிடணும்."

அவர் முனகிக்கொண்டே எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். சிவப்புத் தொப்பி.

ஸ்லைடு என்பது அந்த வண்டியின் இடது பக்கச் சுவரிலிருந்து மேஜை இழுப்பறைபோல் வெளியே நீளும் அறை. சோபா, சாப்பாட்டு மேஜை, அடுப்பு எல்லாம் அதில்தான் இருந்தன. நிறுத்திய இடத்தில் சுவிட்சை அழுத்தினால் வெளியே போய் வீடு அகலமாகும். கிளம்பும்போது மறுபடி அழுத்தினால் அடியில் மோட்டார் ஒரு தண்டைத் திருப்ப, அதன் பற்சக்கரங்கள் பல் வெட்டிய இரும்புச் சட்டங்களில் உருண்டு அறையை உள்ளே இழுத்துவிடும். அது வெளியே இருக்கும்வரை வண்டியை நகர்த்த முடியாது.

வெர்லின் ஒஹையோவில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலையைவிட்டு, அங்கே டொலீடோ நகரத்தில் இருந்த வீட்டையும் விற்று இந்த வண்டியை வாங்கிய நாளிலேயே இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, ஒருவர் உள்ளே சுவிட்ச் அருகில், இன்னொருவர் வெளியே. வெளியே இருப்பவரின் தொப்பி டிரைவர் உட்காரும் இடது பக்கத்து வெளிக்கண்ணாடியில் தெரியாவிட்டால் சுவிட்சைத் தொடக் கூடாது. இரண்டு, வண்டிக்கு அடியில் போகிறவர் யாரானாலும் முதலில் ஸ்லைடின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். முகாமில் நெருப்பு மூட்டி நாலு பேர் உட்கார்ந்தால் போதும், இதைச் சொல்லாமல் விடமாட்டார். "மேல இருக்கிறவன் தங்கமானவனா இருக்கலாம். அவன் விரல் எப்ப என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்?"

நடீன் சுவிட்ச் அருகில் நின்று கண்ணாடியைப் பார்த்தாள். சிவப்புத் தொப்பி தெரிந்தது. ஒரு கை உயர்ந்தது.

"தள்ளி நிக்கிறேன். போடு."

அழுத்தினாள். மோட்டார் உறுமியது. அறை ஒரு சாண் நகர்ந்தது. பிறகு அடியில் இரும்பு முறிவதுபோல் ஒரு சத்தம். சோபா இருந்த முன்பக்கம் உள்ளே வந்தது, அடுப்பு இருந்த பின்பக்கம் வரவில்லை. அறை மொத்தமும் கோணலாகத் திரும்பி நின்றது. மேஜையிலிருந்து ஒரு கோப்பை மெதுவாகச் சரிந்து விழுந்து உடைந்தது.

அவள் விரலை எடுத்துவிட்டு வெளியே ஓடினாள்.

வெர்லின் அறைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அறையைத் தாங்க வைத்த ஓர் இரும்பு முட்டு மணலில் சாய்ந்து கிடந்தது. இன்னொன்று சாய்ந்ததோடு நிற்காமல், அதன் தலை பல் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே வசமாக மாட்டியிருந்தது.

"யாரு இத இங்க வெச்சது?" என்றார்.

ஸ்லைடுக்கு அடியில் முட்டுக் கொடுக்கலாமா கூடாதா என்று முகாமில் பேச்சு வந்தால் முதலில் சண்டைக்குப் போகிறவர் வெர்லின். முட்டுக் கொடுப்பது முட்டாள் வேலை, எடுக்க மறந்தால் அறையே கிழிந்துவிடும் என்பார். அந்த முட்டுகள் எங்கிருந்து வந்தன? நேற்று சாயங்காலம் அவர் தனியாக மணலில் எதையோ தட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. முளை அடிக்கிறார் என்று நடீன் அப்போது நினைத்திருந்தாள்.

"யாரோ வெச்சுட்டாங்க. இப்ப என்ன செய்ய?"

"ராய்ஸ் வேலையாத்தான் இருக்கும். லாரிக்காரன் புத்தி."

காற்று வீசியது. அதில் குளிர் இருந்தது, நனைந்த புதர்களின் கசந்த வாசனையும் இருந்தது. வடக்கிலிருந்து வருகிற காற்று. நடீன் ஓடையின் மேல்பக்கத்தைப் பார்த்தாள். வெறும் மணல். அந்த மணல் வளைந்து பாறைக்குப் பின்னால் மறைந்தது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"வெர்லின், பின்னால கட்டியிருக்கிற காரக் கழட்டிட்டுப் போயிடலாம். வண்டி கெடக்கட்டும்."

"வண்டியா? வீடுன்னு சொல்லு."

"வீடு கெடக்கட்டும்."

"நீ போ. நான் இதச் சரி பண்ணிட்டு வரேன்." நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு மணலில் மண்டியிட்டார். அந்தத் தோள்களை அவளுக்குத் தெரியும். நான்கு ஆள் இழுத்தாலும் வராது. அவள் காரை எடுத்துக்கொண்டு போனால் அவர் இங்கேயேதான் இருப்பார், வளைவுக்குப் பின்னால் இருப்பது வந்து சேரும்வரை.

"உள்ள போ," என்றார். "ஒரு விரக்கடை வெளிய தள்ளினா முட்டு தானா கழண்டு விழும். நான் சொன்னதும் போடு."

உள்ளே போனாள். கோணலாக நின்ற சுவரில் உரசிக்கொண்டுதான் சுவிட்ச்வரை போக முடிந்தது. கட்டைவிரலை வைத்தாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

தொப்பி இல்லை.

"போடு."

குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால் ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. அவள் காலுக்குக் கீழே, தரைக்கு அடியிலிருந்து வந்தது.

"வெர்லின், எங்க நிக்கிற?"

"தள்ளித்தான் நிக்கிறேன். போடுங்கிறேன்ல."

கட்டைவிரலுக்கு அடியில் சுவிட்சின் மேடு குறுகுறுத்தது. படிக்கட்டின் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மூடி மூடியபடியே இருந்தது. அவர் உள்ளே வரவே இல்லை. ஃபியூஸ் அதன் இடத்திலேயே இருந்தது.

விரலை எடுத்துக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து குனிந்தாள்.

அவர் மல்லாந்து கிடந்தார். இரண்டு கைகளும் முழங்கைவரை பல் சட்டத்துக்குள் போயிருந்தன. வலது உள்ளங்கை சக்கரத்தின் பற்களின் மேலேயே இருந்தது. தொப்பி கழன்று மணலில் கிடந்தது.

"என்ன, வெளிய வந்துட்ட?" என்றார்.

"போடச் சொன்னியே."

"யாரு, நானா? கைய உள்ள விட்டுட்டு எவனாவது போடச் சொல்லுவானா?"

அந்த முகத்தில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

"கைய எடு, வெர்லின்."

"இன்னும் கொஞ்சம் எட்டினா..."

"எட்டாது. உன் கை தடிமன். என் கைதான் உள்ள போகும். எடு."

அவர் யோசித்துவிட்டு ஒவ்வொரு கையாக வெளியே எடுத்தார். விரல்களில் கருப்பு மசகு அப்பியிருந்தது. இரண்டாவது கையும் வெளியே வந்தபிறகுதான் நடீன் மூச்சுவிட்டாள்.

"ஸ்பானர் எங்க போடணும்னு தெரியுமா உனக்கு?"

"தண்டு முனையில. நீதான் காட்டிக் குடுத்த. நீ உள்ள போய் சுவிட்ச்கிட்ட உக்காரு. நான் கூப்பிடற வரைக்கும் தொடாதே."

"லிஃப்ட் குழிக்குள்ளயே வாழ்ந்தவன் நான். எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"எடுக்கல. உக்காருன்னு சொன்னேன்."

அவரை வெளியே விட்டுவைக்க அவளுக்குப் பயம். எங்காவது நடந்துபோய்விடுவார். அந்த வளைவுவரைகூடப் போய் எட்டிப் பார்ப்பார். உள்ளே, ஒரு வேலை கொடுத்து உட்காரவைத்தால் இருப்பார். ஆனால் உள்ளே இருப்பது அந்தச் சுவிட்ச்.

"இரு, கையுறை எடுத்துட்டு வரேன்," என்று முந்திக்கொண்டு படியேறினாள். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். பச்சை நிறத்தில் நகம் அளவுக்கு இருந்த அதைப் பிடுங்கி ஜீன்ஸ் பைக்குள் தள்ளினாள். மூடியைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பக்கத்து வீட்டில் திருடியவள்போல் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முன்னாலேயே, அவர் சட்டப்படியே செய்திருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைப் பிடுங்க அவளால் முடியவில்லை.

வெர்லின் வந்து சுவிட்சுக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்தார்.

"கூப்பிட்டாத்தான்," என்றாள்.

"கூப்பிட்டாத்தான்."

கீழே மணல் சில்லென்று இருந்தது. நடீன் மல்லாந்து படுத்து நகர்ந்து போனாள். மூக்குக்கு மேலே சட்டத்தின் பற்கள். ஸ்பானரைத் தண்டு முனையில் மாட்டி எதிர்ப்பக்கம் திருப்பினாள். அசையவில்லை. காலை ஊன்றி இன்னொரு முறை. கிரீச்சென்று ஒரு பல் பின்வாங்கியது. முட்டின் தலை லேசாக ஆடியது. ஸ்பானரை இடது கையால் அப்படியே பிடித்துக்கொண்டாள். விட்டால் மறுபடி இறுகிவிடும். வலது கையைச் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே விட்டு முட்டின் தலையைப் பற்றினாள்.

தலைக்குப் பக்கத்தில் மணலில் எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. வரிசையாக இல்லை. கூட்டம் கூட்டமாக, எல்லாம் கரையை நோக்கி.

அப்போது மேலே ஒரு சத்தம் கேட்டது.

டிக்.

சக்கரம் அசையவில்லை. விரல்கள் பற்களுக்கு நடுவே இருந்தன, முழுசாக.

டிக். டிக்.

"வெர்லின். நான் கீழ இருக்கேன்."

மேலே முக்காலி நகர்ந்தது. "எங்க?"

"கீழ. வண்டிக்கு அடியில. சுவிட்சத் தொடாதே."

"சரி சரி. தொடல."

அவள் முட்டின் தலையை இழுத்தாள். வரவில்லை. முறுக்கி இழுத்தாள். துருவின் தூள் கண்ணில் விழுந்தது. தொலைவில் ஏதோ நீண்ட சத்தம், நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாகப் போவதுபோல. இங்கிருந்து நெடுஞ்சாலைச் சத்தம் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும்.

டிக்.

ஃபியூஸ் பையில் இருக்கிறது. தொடையில் அது குத்துவதுகூடத் தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கை தானாக வெளியே வரத் துடித்தது. கையை அங்கேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. இந்த மனிதரோடு படுத்து எழுந்த அத்தனை வருடங்களில் அவரிடம் அவளுக்குப் பயம் வந்ததே இல்லை. அவர் குரல் உயர்த்திய நாளில்கூட. இப்போது அவருடைய ஒரு கட்டைவிரலுக்கு அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

டிக். டிக். டிக். அவர் பொறுமையிழந்துகொண்டிருந்தார்.

பல்லைக் கடித்து, உடம்பு முழுவதையும் திருப்பி இழுத்தாள். முட்டு கழன்று அவள் மார்பின்மேல் விழுந்தது. அதே நேரத்தில் குதிகாலில் ஏதோ ஈரமாக நக்கியது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். பழுப்பு நுரையும் குச்சிகளுமாக ஒரு நாக்குத் தண்ணீர் மணலில் ஊர்ந்து வந்திருந்தது. ஓர் அங்குல ஆழம் இருந்தால் அதிகம். அதன் பின்னால் வளைவிலிருந்து இன்னொரு நாக்கு.

முட்டுகளை வீசிவிட்டு, தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு படியேறி ஓடினாள்.

வெர்லின் நின்றுகொண்டு சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்திப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், மறுபடி அழுத்துவார்.

"எங்க போயிட்ட நீ? இது செத்துப்போச்சு. ஃபியூஸப் பாக்கணும்."

"நான் பாக்கிறேன்."

முதுகால் மறைத்துக்கொண்டு ஃபியூஸை அதன் இடத்தில் செருகினாள். எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே யாரும் இல்லை. யாரும் இருக்க முடியாது, இருவரும் இங்கே இருந்தார்கள். இருந்தும் இன்னொரு முறை பார்த்தாள்.

"இப்ப போடு," என்றாள்.

மோட்டார் உறுமியது. கோணல் மெதுவாக நேரானது. அறை நகர்ந்து, நகர்ந்து, கடைசியில் தடாரென்று உள்ளே வந்து பொருந்தியது. வெர்லின் திரும்பிப் புன்னகைத்தார்.

"பாத்தியா? பொறுமையா செஞ்சா எல்லாம் வரும்."

"வரும்."

ஜாக்கிகள் மேலேறின. நடீன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். காலி மைதானங்களில் தவிர அவள் இந்த வண்டியை ஓட்டியதில்லை.

"அது என் சீட்டு."

"இன்னிக்கு எனக்கு. கோவிச்சுக்காதே, பெல்ட்டப் போடு."

சாவியைத் திருப்பப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அந்தச் சுவிட்ச் அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஓட்டும்போது அவர் அதை அழுத்தினால், மேட்டில் ஏறும் வண்டியின் வயிற்றிலிருந்து அறை வெளியே போகும். எழுந்து போனாள். இந்த முறை மறைக்க நேரமில்லை. பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வெர்லின் அதைப் பார்த்தார். அவள் பையைப் பார்த்தார். அவள் சட்டை முழுக்க இருந்த மணலையும், கையில் இருந்த மசகையும் பார்த்தார்.

வண்டி நகர்ந்தது. சக்கரங்கள் மணலில் வழுக்கின. பின்னால் கட்டியிருந்த கார் ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு கரையின் சரளைக்கல் கிடைத்தது, பிடித்துக்கொண்டது. நடீன் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். அவர்கள் நின்றிருந்த மரத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் எதுவோ வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. மடக்கு நாற்காலி அதில் உருண்டது.

"அடியில யாரு போனது?" என்று கேட்டார் வெர்லின். அது அவருடைய பழைய குரல். வேலைக்கு ஆள் அனுப்புகிற குரல்.

"நான்தான்."

"ஃபியூஸ்?"

"என் பையில இருந்துச்சு."

"நான் அழுத்தினேன்ல? நீ அடியில இருக்கும்போது."

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றாள் நடீன்.

"எனக்குந்தான் இல்ல. அதான் கேக்கிறேன்."

அவள் வண்டியை மேட்டுப் பாதையில் திருப்பினாள்.

"அந்த ஃபியூஸ யார்கிட்டயும் குடுக்காதே," என்றார் அவர். "நான் கேட்டாலும். நான் கத்தினாலும் குடுக்காதே. புரியுதா?"

"புரியுது."

வெர்லின் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மேட்டில் ராய்ஸ் நாய்க்குட்டியோடு நின்று கையசைத்தான். தனக்குப் பக்கத்தில் அவர்களுக்காக நாற்காலிகளைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். நடீன் அங்கே நிறுத்தி என்ஜினை அணைத்தபோது, கீழே ஓடை முழுவதும் இடிபோல் இரைந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தாள்.

பக்கத்தில் பெல்ட்டைக் கழற்றும் சத்தம். வெர்லின் எழுந்து நின்று சோம்பல் முறித்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ராய்ஸ் அவர்களுடைய வண்டியின் இடது பக்கச் சுவரில், ஸ்லைடு வெளியே வரும் இடத்தில், சாய்ந்துகொண்டு சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"நல்ல எடம்," என்றார் வெர்லின். "ஸ்லைடை வெளிய விட்டுடலாம்."

சுவிட்சைத் தட்டினார். டிக். இன்னொரு முறை. பிறகு அவளைப் பார்த்து, எப்போதும்போல் அன்பாகச் சிரித்து, மசகு படிந்த கையை நீட்டினார்.

"நடீன், ஃபியூஸ் உன்கிட்டதான இருக்கு? குடு."